ஸர் ஜோஸப் ஸ்வானும் வண்டி விளக்கும்

இரவிலே நெடுஞ்சாலையிற் செல்லும் மோட்டார் வண்டியின் விளக்கை, அஃது எரியுங்கால் நினைப்பவர் சிலர். அணைந்தபின் நினைப்பவர் பலர். அணைந்த பல்பைக் கழற்றி, கடையில் வேறொன்று வாங்கி, அவ்விடத்திற் பொருத்தி, மீண்டும் வழிச்செல்லுதல் பெரும்பாலான வண்டிகளில் அரை நாழிகை வேலையாகும். இவ்வேலை இத்துணை எளிதாயமைந்ததற்குக் காரணராயிருந்தோர் பலர். அவர்களுள் ஒருவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுகின்றோம். மின்சார விளக்கு என்றவுடன் நம் மாணவர் நாவில் முதலில் எழும் பெயர் எடிஸன் என்பதாம். அப்பெரியாரின் புகழைக் குறைப்பது நம் கருத்தன்று. ஆயினும் அவரோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க ஆங்கிலேயர் ஒருவர் உளர். அவரே ஸர் ஜோஸப் வில்ஸன் ஸ்வான் என்பவர்.

வண்டியினின்று கழற்றிய பழைய பல்பு ஒன்றைக் கையில் ஏந்தி உற்று நோக்குவோமாயின், அதன்கண் மூன்று உறுப்புக்கள் தோன்றும். உள்ளே எரியும் இழை ஒன்று. அவ்விழையைக் காற்றினின்று காக்கும் கண்ணாடிக் குமிழ் ஒன்று. குமிழைத் தாங்கிப் பிடித்து மின்சாரத்தை உள்ளே விடும் பித்தளை அடிமூடி ஒன்று. நான்காவது உறுப்பு பல்பிற்குப் புறத்தே வண்டியில் அமைந்துள்ளது. அதுவே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாட்டரியாகும். இந்நான்கனுள் ஒன்று குறையினும் விளக்கு எரியாது. இந்நான்கன் வரலாற்றிலும் ஸ்வான் என்னும் பெயர் காணப்படுகின்றது. ஆதலின் இவரது சரித்திரத்தை அறிதல், விளக்கின் இயல்பை அறிதற்கும் ஒரு நல்ல வழியாகும்.

இளமை

ஸ்வான் 1828-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 31-ஆந் தேதி, இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள ஸண்டர்லாந்து என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பெயர் ஜான் ஸ்வான். தாயார் பெயர் இஸபெல்லா. அவ்வூர் கப்பல் கட்டுந் தொழிலும் கண்ணாடித் தொழிலும் நிலக்கரி வாணிகமும் செழித்திருந்த துறைமுகப் பட்டினம். அங்கு வளர்ந்த சிறுவனுக்குப் பட்டறைகளும் உலைகளுமே இரண்டாம் பள்ளிக்கூடமாயின. முதற் பள்ளிக்கூடத்தில் அவர் பயின்ற காலம் மிகக் குறுகியது. இளவயதிலேயே மருந்து வாணிகர் இருவரிடம் ஆறு ஆண்டுத் தவணைக்குத் தொழில் பயில அமர்த்தப்பட்டார். தவணை முடியுமுன்னரே அவ்விருவரும் ஒருவர்பின் ஒருவராய் இறந்துபடவே, அவர் நியூகாஸில் நகருக்குச் சென்று, தம் சகோதரி எலிஸபெத்தின் கணவராகிய ஜான் மாஸன் என்பவரின் மருந்துக்கடையிற் சேர்ந்தார். பின்னர் அவ்வாணிகத்திற் பங்காளியும் ஆனார்.

கல்லூரியிற் புகுந்து பட்டம் பெறும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. கடையில் மருந்து அரைக்குங் கையோடு இரசாயனமும், பொது நூல் நிலையத்திற் பத்திரிகை புரட்டுங் கையோடு மின்னூலும் கற்றுக்கொண்டார். இளமையில் ஸண்டர்லாந்தில் ஸ்டெய்ட் என்பவர் மின்சார ஒளியைப்பற்றி நிகழ்த்திக் காட்டிய உபந்யாசம் ஒன்று அவர் மனத்திற் பதிந்தது. அன்று விழுந்த வித்து முளைத்துப் பயன் தருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

முதல் முயற்சி

அக்காலத்து மக்கள் மெழுகுவர்த்தி, எண்ணெய் விளக்கு, நிலக்கரி வாயு விளக்கு ஆகியவற்றைக் கொண்டே இரவைக் கழித்தனர். மின்சாரத்தால் ஒளி உண்டாக்கும் வழி ஒன்று முன்னரே தெரிந்திருந்தது. இரு கரிக்கோல்களைச் சிறிது அகற்றி வைத்து, அவற்றினிடையே மின்சாரத்தைப் பாயவிடின் கண்ணைப் பறிக்கும் வில்லொளி தோன்றும். அது கலங்கரை விளக்கிற்கும் பெருவெளிக்கும் ஏற்றது, இல்லத்திற்கு ஏற்றதன்று. இல்லத்திற்கு வேண்டிய சிற்றொளியைப் பெறுதற்கு வேறொரு வழி உண்டு. மெல்லிய பொருள் ஒன்றன் வழியே மின்சாரத்தைச் செலுத்தின், அது சூடேறி ஒளிரும். ஆனால் எப்பொருளைக் கொள்வது? பிளாட்டினம் போன்ற உலோகம் நன்கு ஒளிருமுன் உருகிவிடும். கரி உருகாது, ஆயினும் காற்றுப் பட்டால் எரிந்து சாம்பலாகும். ஆகவே காற்றை நீக்கிய கண்ணாடிக் கலத்தினுள் கரியை வைத்தல் வேண்டும். இக்கருத்து ஸ்வானுக்கு முன்னரே சிலருக்குத் தோன்றியதுதான். 1845-ஆம் ஆண்டிலேயே ஸ்டார் என்னும் அமெரிக்க இளைஞரின் இத்தகைய விளக்கு இங்கிலாந்தில் உரிமைப் பத்திரம் பெற்றிருந்தது. கருத்துத் தோன்றிற்று, நின்று எரியும் விளக்குத் தோன்றவில்லை.

ஸ்வான் ஏறத்தாழ 1850-ஆம் ஆண்டில் இம்முயற்சியைத் தொடங்கினார். தடித்த காகிதத்தைக் குறுகிய நாடாக்களாகக் கத்தரித்து, பாகிலும் தாரிலும் தோய்த்து, கரித்தூளோடு மூசையில் அடைத்து, சூளையிலிட்டுச் சுட்டார். இவ்வாறு பெற்ற கரிநாடா வளைத்தாலும் ஒடியாத உறுதியுடையதாயிற்று. 1860-ஆம் ஆண்டளவில் வில்போல் வளைந்த ஒரு கரிநாடாவைக் கண்ணாடிக் கலத்தினுள் நிறுத்தி, காற்றை இயன்றவரை வாங்கி, பல மின்கலங்களை இணைத்து மின்சாரத்தைச் செலுத்தினார். நாடா சிவந்து ஒளிர்ந்தது. சிறிது பொழுதில் வளைந்து முறிந்தது.

இத்தோல்விக்குக் காரணம் இரண்டென அவர் கண்டார். காற்றை முற்றிலும் வாங்கவல்ல பம்பு அந்நாளில் இல்லை. திராவகம் நிறைந்த மின்கலங்களோ விலை மிகுந்தன, விரைவிற் சோர்வன. இவ்விரு குறைகளும் தம்மால் நீக்கத்தக்கன அல்ல என்றறிந்து, முயற்சியை நிறுத்தி வைத்தார். நிறுத்தி வைத்தாரேயன்றி மறந்தாரல்லர் என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

இடைக்காலம்

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் புகைப்படக் கலையில் ஈடுபட்டார். அக்காலத்துப் படங்கள் சில ஆண்டுகளில் மங்கி மறைந்தன. மங்காத கரிப்படம் எடுக்கும் முறை ஒன்றைக் கண்டு 1864-ஆம் ஆண்டு உரிமைப் பத்திரம் பெற்றார். பின்னாளில் உலர்ந்த தகடுகளைச் செய்யும் முறையையும், 1879-ஆம் ஆண்டில் புரோமைடு காகிதத்தையும் அவரே செம்மைப்படுத்தினார். விளக்கைப்பற்றி அவர் யாதொன்றும் செய்யாதிருந்தும் இவற்றாலேயே அவர் பெயர் நிலைத்திருக்கும்.

இக்காலத்திலேயே அவருக்குப் பெருந்துன்பங்கள் நேர்ந்தன. 1867-ஆம் ஆண்டு டிஸம்பரில் நியூகாஸில் நகரில் கேட்பாரற்றுக் கிடந்த நைட்ரோகிளிஸரின் என்னும் வெடிமருந்தை ஊர்ப்புறத்து வெளியிற் புதைக்க முற்பட்டபோது அது வெடித்தது. அவ்வாண்டு நகரத்து ஷெரீபாயிருந்த மாஸன், அவ்வேலையை உடனிருந்து மேற்பார்த்தமையால், அதில் அடிபட்டு இறந்தார். அடுத்த ஆண்டில் ஸ்வானின் மனைவியாரும் காலமானார். வாணிகத்தின் பொறுப்பும், தாயற்ற மக்களை வளர்க்கும் பொறுப்பும் அவர் தோள்மீது ஒருங்கே விழுந்தன. கைம்பெண்ணான சகோதரியைப் பங்காளியாகக் கொண்டு கடையை நடத்தினார். இத்தகைய காலத்தில் கரிநாடாவும் கண்ணாடிக் குமிழும் அவர் நினைவில் இருந்தன என்பதே வியப்பு.

மறுமுயற்சி

இதற்கிடையே உலகம் முன்னேறியது. பாதரசம் துளித்துளியாய் விழுந்து காற்றை இழுத்துச் செல்லும் புதுவகைப் பம்பு ஒன்றை ஸ்பிரெங்கல் என்பவர் 1865-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் உதவியால் குரூக்ஸ் என்னும் அறிஞர் மிகச் சிறந்த வெற்றிடத்தைப் பெற்றுச் செய்த சோதனைகளை ஸ்வான் வாசித்தறிந்தார். டைனமோ என்னும் மின்னாக்கி தோன்றி மின்சாரமும் மலிந்தது. முன்னே தடையாயிருந்த இரண்டும் நீங்கவே, தம் ஐம்பதாம் வயதை அணுகும் நிலையில் அவர் பழைய வேலையை மீண்டும் தொடங்கினார். வெற்றிடம் உண்டாக்குவதில் வல்லவராகிய சார்லஸ் ஸ்டெர்ன் என்பவர் அவருக்குத் துணையாயினார்.

இங்கே ஸ்வான் கண்ட உண்மை ஒன்றை மாணவர் ஊன்றி அறிதல் வேண்டும். காற்றை நன்கு வாங்கிய பின்னும் குமிழ் உட்புறத்திற் கறுத்தது. கரி விரைவில் தேய்ந்து முறிந்தது. கரி ஆவியாதலே இதற்குக் காரணமென்றும், அதனால் இவ்வழி பயன்படாதென்றும் பலர் கருதினர். ஸ்வான் அவ்வாறு கருதினாரல்லர். கரி தன் நுண்டுளைகளில் வாயுவைப் பொதிந்து வைத்திருப்பதென்றும், விளக்கு எரியும்போது சூட்டால் அவ்வாயு வெளிப்பட்டு வெற்றிடத்தைக் கெடுக்கின்றதென்றும் அவர் உய்த்துணர்ந்தார். ஆதலின் பம்பு இயங்கிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைச் செலுத்திக் கரியை வெண்சூடாக்கி, ஒளிந்திருந்த வாயுவை ஓட்டி, அதன்பின்னரே குமிழை உருக்கி மூடினார். குமிழ் தெளிந்து நின்றது. கரி நிலைத்து எரிந்தது.

1878-ஆம் ஆண்டு டிஸம்பர் 18-ஆந் தேதி நியூகாஸில் இரசாயன சங்கத்தார்க்குத் தம் விளக்கைக் காட்டினார். அது சிறிது பொழுது எரிந்து, மின்சாரம் மிகுந்தமையால் அழிந்தது. அவர் தளராமல் 1879-ஆம் ஆண்டு பெப்ரவரி 3-ஆந் தேதி அந்நகரத்து இலக்கிய தத்துவ சங்கத்தின் மண்டபத்தில் ஏறத்தாழ 700 பேர் முன்னிலையில் விளக்கை ஏற்றிக் காட்டினார். அதே மண்டபம் 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆந் தேதி அவருடைய விளக்குகளாலேயே ஒளி பெற்றது. இதற்குள் அவர் தடித்த கரிக்கோலை விடுத்து, பருத்தி நூலைக் கந்தகத் திராவகத்திற் பக்குவஞ்செய்து கரியாக்கிய மெல்லிழையைக் கைக்கொண்டிருந்தார்.

எடிஸனும் ஸ்வானும்

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் எடிஸன் தமது பட்டறையில் இதே வேலையில் முனைந்திருந்தார். வீடுதோறும் விளக்கு ஏற்றுதற்குக் கம்பியிற் செல்லும் மின்னோட்டம் குறைந்திருத்தல் வேண்டுமென்றும், அதற்கு இழை மெலிந்து தடை மிகுந்திருத்தல் வேண்டுமென்றும் முதலில் தெளிவாகக் கண்டவர் எடிஸனே. அவர் 1879-ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்திலும் உரிமைப் பத்திரம் பதிவு செய்தார். கரியை வெற்றிடத்தில் ஒளிரச் செய்தல் எல்லாருக்கும் தெரிந்த பொருளாதலின் அதற்கு உரிமை கோருதல் தகாதென ஸ்வான் எண்ணியிருந்தார்; வாயுவை ஓட்டும் தம் முறைக்கு மட்டும் 1880-ஆம் ஆண்டு ஜனவரியில் உரிமை பெற்றார். சில வாரத் தாமதம் பெரும் பூசலுக்கு வித்தாயிற்று.

வழக்காடி இருவரும் அழிவதினும் கூடி வாழ்தல் நன்றெனக் கண்டு, 1883-ஆம் ஆண்டில் இருவர் கம்பெனிகளும் இங்கிலாந்தில் ஒன்றாயின. ஆனால் அவ்வொற்றுமைக்கு ஸ்வான் கொடுத்த விலை சிறிதன்று. கூட்டுக் கம்பெனியின் செல்வம் எடிஸனது உரிமைப் பத்திரத்தையே சார்ந்திருந்தது. பிற விளக்குத் தொழிலாளர்மேல் அக்கம்பெனி தொடுத்த வழக்கில், எடிஸனுக்கு முன் எவரும் மெல்லிழை விளக்குச் செய்ததில்லை என்று நாட்டவேண்டியதாயிற்று. ஆகவே 1879-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்வான் காட்டியது இழையன்று, வெறுங் கரிக்கோலே என்று அவர் பெயரைத் தாங்கிய கம்பெனியே வாதாடியது. தீர்ப்பும் அவ்வாறே அமைந்தது. தம் தொழிலைக் காக்கும் பொருட்டுத் தம் புகழின் ஒரு பகுதி தம் கண்முன்னே குறைக்கப்படுவதை அவர் பொறுத்துக்கொண்டார். இருவரும் தத்தம் வழியிற் சென்று ஒரே இடத்தை அடைந்தனர் என்பதே நடுநிலையாளர் முடிவாகும்.

விளக்கு வண்டியேறியது

1880-ஆம் ஆண்டு டிஸம்பரில், நியூகாஸிலுக்கு வடக்கே கிராக்ஸைடு என்னுமிடத்திலிருந்த ஆர்ம்ஸ்டிராங் பிரபுவின் மாளிகையில் ஸ்வான் விளக்குகள் நீர்வீழ்ச்சியின் ஆற்றலால் எரிந்தன. அங்கு நூல் நிலையத்துச் செப்புக் கலசங்கள் பாதரசக் கிண்ணத்தில் நின்று மின்சாரம் பெற்றன. கலசத்தைத் தூக்கினால் விளக்கு அணையும். 1881-ஆம் ஆண்டு லண்டன் ஸவாய் நாடகசாலை ஏறத்தாழ 1,200 ஸ்வான் விளக்குகளைப் பெற்றது. எரியும் விளக்கொன்றைத் துணியிற் சுற்றி மேடைமீது உடைத்து, துணி கருகாமையைக் காட்டிச் சபையோரின் அச்சத்தைப் போக்கினர். அவ்வாண்டு பாரிஸ் நகரத்து மின்சாரக் கண்காட்சியில் பிரெஞ்சு அரசாங்கத்தார் ஸ்வானுக்கு விருது அளித்தனர்.

வண்டி விளக்கின் வரலாற்றில் நாம் குறித்து வைக்கத்தக்க நாள் 1881-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆந் தேதியாகும். அன்று லண்டனிலிருந்து பிரைட்டனுக்குச் சென்ற பியாட்ரிஸ் என்னும் புல்மன் இரயில் வண்டியில் 12 ஸ்வான் விளக்குகள் எரிந்தன. வண்டியின் அடியில் வைத்த ஈயப் பாட்டரிகள் மின்சாரம் ஊட்டின. மின்சார விளக்கோடு ஓடிய முதல் இரயில் வண்டி அதுவேயென்பர்.

நிலையான மாளிகைக்குப் பாதரசக் கிண்ணம் பொருந்தும். குலுங்கி ஓடும் வண்டிக்குப் பொருந்துமோ? வண்டியின் குலுக்கல் இரண்டு இடையூறுகளை விளைத்தது. முதலாவது, பாட்டரியின் ஈயத் தகட்டிற் பூசிய ஈயப் பசை உதிர்ந்துவிடும். இக்குறையை நீக்க, தகட்டைச் சிற்றறைகள் நிறைந்ததாக வார்த்து, அவ்வறைகளிற் பசையை அடைக்கும் முறையை 1881-ஆம் ஆண்டில் வகுத்தோருள் ஸ்வானும் ஒருவர். இன்றைய மோட்டார் பாட்டரியைப் பிளந்து பார்ப்போர் வலைபோன்ற ஈயச் சட்டத்தைக் காண்பர். அஃது அச்சிற்றறைத் தகட்டின் வழித்தோன்றலே. இரண்டாவது, பல்பு தாங்கியினின்று நழுவும். ஸ்வானது முதல் விளக்குகள் இரு பிளாட்டினக் கண்ணிகளாற் கொக்கியில் மாட்டப்பட்டன. பின்னர் அவர் தம்பி ஆல்பிரட் ஸ்வான் அடிமூடியைச் செம்மை செய்வதில் ஈடுபட்டு, பித்தளை மூடியினுள் கரிய கண்ணாடியை வார்த்து மின்சாரம் ஒழுகாமற் காக்கும் முறையைக் கண்டார். எடிஸன் பல்பு திருகாணிபோல் மரையில் ஏறும். ஸ்வான் பெயரால் வழங்கும் பல்போ இரு முளைகளை உடையது. உள்ளே அழுத்திச் சிறிது திருப்பின், முளைகள் பள்ளத்தில் விழும்; கீழிருக்கும் வில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மரை குலுக்கலால் நெகிழும், முளை நெகிழாது. நம் நாட்டு வீடுகளில் வழங்கும் பல்பும் பெரும்பாலும் இவ்வகையே. ஜப்பானியர் இன்றும் இவ்வடிமூடியை ஸ்வான் மூடி என்றே வழங்குகின்றனர்.

பின்வந்த விளக்கு வகைகள்

மோட்டார் வண்டிகள் தோன்றிய காலத்தில் அவற்றிற்கு எண்ணெய் விளக்கும், கார்பைடுக் கல்லில் நீர் சொட்டி எழும் அசிட்டிலின் வாயு விளக்குமே இருந்தன. கரியிழை குலுக்கலிற் பெரிதும் ஒடிந்தது. 1910-ஆம் ஆண்டளவில் கூலிட்ஜ் என்பவர் டங்ஸ்டன் உலோகத்தை மெல்லிய கம்பியாக இழுக்கும் முறையைக் கண்ட பின்னரே வண்டிக்கேற்ற உறுதியான இழை கிடைத்தது. 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியில் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சாரத் தொடக்கியும் மின்விளக்கும் ஒருங்கே வந்தன. 1913-ஆம் ஆண்டில் லாங்மியூர் என்பவர் குமிழினுள் வினையற்ற வாயுவை நிரப்பின் டங்ஸ்டன் ஆவியாதல் குறையுமெனக் காட்டினார். காற்றைப் போக்க ஸ்வான் அரும்பாடுபட்ட குமிழில், தக்க வாயு பின்னர் வேண்டுமென்றே புகுத்தப்பட்டது.

1925-ஆம் ஆண்டில் ஒரே குமிழில் இரண்டு இழைகளை வைத்து, தொலைவுக்கு ஒன்றும் எதிர்வருவோர் கண்கூசாமைக்கு ஒன்றுமாக மாற்றும் பல்பு வெளிவந்தது. குமிழ் கறுத்தலாகிய பழைய நோய்க்கு 1959-ஆம் ஆண்டில் ஹாலஜன் பல்பு மருந்தாயிற்று. ஆவியாய்ப் பறந்த டங்ஸ்டனை அயோடின், புரோமின் போன்ற ஹாலஜன் பிணைத்து மீண்டும் இழையிடம் கொண்டு சேர்க்கும். அதற்குக் குமிழ் மிகச் சூடாயிருத்தல் வேண்டுமாதலின், அது சிறிதாகக் குவார்ட்ஸ் போன்ற கடுஞ்சூடு தாங்கும் பொருளாற் செய்யப்படுகின்றது. 1962-ஆம் ஆண்டில் ஐரோப்பிய வண்டிகளில் ஒற்றை இழை ஹாலஜனும், 1971-ஆம் ஆண்டில் எச் 4 எனப்படும் இரட்டை இழை ஹாலஜனும் வழங்கலாயின. 1991-ஆம் ஆண்டில் இழையே இல்லாத ஸெனான் வில்விளக்கும், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எல்.இ.டி. முகப்பு விளக்கும் வந்தன.

பல்பை மாற்றும் முறை

இவ்வகைகளை அறிந்தோர் பல்பை மாற்றுதல் எளிது. முதலில் விளக்கையும் வண்டியையும் நிறுத்திப் பல்பு ஆறும்வரை பொறுத்தல் வேண்டும். முளைப் பல்பாயின் உள்ளே அழுத்தி இடப்புறந் திருப்பி வெளியே எடுக்கலாம். அடிமூடியிற் பொறித்துள்ள வோல்ட்டு, வாட்டு எண்களை நோக்கி அவ்வெண்ணே உள்ள புதுப் பல்பை வாங்குக. கார்களிற் பெரும்பாலும் 12 வோல்ட்டு. பெரிய லாரிகளில் 24 வோல்ட்டு. ஒளி மிகுமென்று வாட்டு மிகுந்ததை இடின், கம்பி சூடேறும், தாங்கி உருகும், எதிர்வருவோர் கண்ணும் கூசும்.

முளைகளின் அமைப்பையும் நோக்குக. திரும்புங் குறி விளக்கிற்குரிய 21 வாட்டு ஒற்றை இழைப் பல்பில் இரு முளைகளும் சம உயரத்தில் எதிரெதிரே நிற்கும். மஞ்சட் கண்ணாடிப் பல்பாயின் முளைகள் நேரெதிரே நில்லாமற் சிறிது விலகி நிற்கும். வெண்பல்பை அங்கே இடாதிருத்தற்கே இவ்வேற்பாடு. பின்புறத்தில் இராவிளக்கும் பிரேக்கு விளக்கும் ஒருங்கே அமைந்த 21/5 வாட்டு இரட்டை இழைப் பல்பில் ஒரு முளை உயர்ந்தும் மற்றொன்று தாழ்ந்தும் இருக்கும். அது ஒரு வழியிலன்றி நுழையாது. வலிந்து மாற்றி நுழைப்பின், பிரேக்கு அழுத்துங்கால் எரியவேண்டிய பேரொளி எந்நேரமும் எரியும். வண்டி நிற்கப் போவதைப் பின்வருவோன் அறியான். அதனால் உயிருக்கே கேடு வரலாம். பித்தளை மூடியிற் செய்த ஒரு சிறு வேறுபாடு அறியாமையினின்று மனிதனைக் காக்கின்றது.

முகப்பு விளக்கின் எச் 4 பல்பு பெரும்பாலும் 60/55 வாட்டு உடையது. மூன்று காதுகள் பொருந்துமாறு ஒரே நிலையில் அமரும். அதன் கண்ணாடியை விரலாற் தொடுதல் ஆகாது. விரலின் எண்ணெய்ப் பசை பெருஞ்சூட்டிற் கரிந்து, அவ்விடத்தைப் பழுதாக்கிக் குமிழை அழிக்கும். தூய துணியாலேனும் காகிதத்தாலேனும் பிடித்தல் வேண்டும். இழைப் பல்பிற்கென வகுத்த கூட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகுதலிலும் எச்சரிக்கை வேண்டும். கண்ணாடிக் கூடு ஒளியைக் குவிப்பது இழை நின்ற புள்ளியை அடிப்படையாகக் கொண்டே. ஒளி வேறிடத்திற் பிறப்பின் கற்றை சிதறி, நம் வழி தெளியாமலும் எதிராளி கண் கூசவும் செய்யும். ஸெனான் விளக்கில் உயர்ந்த வோல்ட்டு அழுத்தம் உண்டாதலின் அதனைத் தேர்ந்த தொழிலாளியிடமே விடுதல் நன்று.

முடிவு

ஸ்வானின் பிற்கால வாழ்க்கையும் உழைப்பிலேயே கழிந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் கையிற் கொண்டு செல்லத்தக்க மின்விளக்கை அமைக்க முயன்றார். சீரான இழையைப் பெறுதற்கு, நைட்ரோ செல்லுலோஸ் என்னும் பொருளைக் கரைத்து நுண்டுளை வழியே பீச்சும் முறையைக் கண்டார். விளக்கிற்கெனச் செய்த அவ்விழையை அவர் மனைவியார் பின்னி ஆடையாக்க, அது 1885-ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியிற் செயற்கைப் பட்டாக வைக்கப்பட்டது. 1894-ஆம் ஆண்டில் ராயல் ஸொஸைட்டியின் அங்கத்தினரானார். 1898-ஆம் ஆண்டில் மின்பொறியாளர் சங்கத்தின் அக்கிராசனராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். 1904-ஆம் ஆண்டில் ஸர் பட்டம் பெற்றார். 1914-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆந் தேதி, தமது 85-ஆம் வயதில், வார்லிங்ஹாம் என்னும் ஊரிற் காலமானார். மோட்டார் வண்டியின் முகப்பில் மின்விளக்கு ஏறியதைத் தம் வாழ்நாளிலேயே அவர் கண்டார்.

இப்பெரியார் வாழ்க்கையில் நாம் கற்கத்தக்கது யாது? தம் காலத்துக் கருவிகள் போதாவெனக் கண்டபோது அவர் முயற்சியை மூடி வைத்தார். கருவி வந்தபோது பதினைந்து ஆண்டு கழித்தும் அதனைத் திறந்தார். குமிழ் கறுத்தபோது வெற்றிடத்தைக் குறை கூறி அமையாமல், கறுப்பின் காரணத்தைத் தேடினார். கல்லூரிப் பட்டமின்மையைக் காரணங் காட்டி ஓயவில்லை. விளக்கு ஒருமுறை எரிந்தாற் போதுமென்று அவர் எண்ணவில்லை. நின்று எரிதல் வேண்டும், பலர் கைக்கும் எட்டுதல் வேண்டும் என்று எண்ணினார். எவர் முதலில் ஏற்றினார் என்னும் வாதத்தில் அவர் பங்கு குறைக்கப்பட்டது உண்மையே. ஆயினும் அணைந்த பல்பை அழுத்தித் திருப்பிப் புதியதைப் பொருத்தும் கை எந்நாட்டுக் கையாயினும், அஃது அறிந்தோ அறியாமலோ ஸ்வான் குடும்பத்தாரின் உழைப்பைத் தொட்டே மீள்கின்றது. அடுத்த முறை ஒரு பல்பைக் கழற்றும்போது, எறியுமுன் அதன் இழையையும் குமிழையும் முளைகளையும் சற்றே நோக்குமாறு நம் மாணவரை வேண்டுகின்றோம்.